கொத்தனார் கூலியும் வால்ராஸின் கணக்கும்

கூலி ஏறிற்று; அதனால் வீட்டு விலை ஏறிற்று! கட்டட முதலாளிகள் ஓயாமல் ஓதும் மந்திரம் இது. கொத்தனார் நாட்கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால் போதும். சித்தாள் தனக்கும் கொஞ்சம் சேர்த்துத் தரச் சொன்னால் போதும். உடனே ஊரே கேட்கும்படி ஒப்பாரி எழும். நடுத்தர மக்கள் இனி வீடு வாங்குவது எப்படி, வாடகை கொடுப்பது எப்படி என்று, அதுவரை நடுத்தர மக்களைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாதவர்கள் கண்ணீர் வடிப்பார்கள். செங்கல்லைச் சுமப்பவன் மேல் பழியையும் சுமத்துவது எளிது. அவன்தான் எதையும் சுமப்பானே!

இந்த மந்திரத்தை மறுக்க ஆவேசம் மட்டும் போதாது, தோழர்களே. கணக்கு வேண்டும். கூலியும் செங்கல் விலையும் நிலத்தின் விலையும் குடிக்கூலியும் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன, எப்படிப் பிடிக்கின்றன என்பதைச் சொல்லும் கணக்கு வேண்டும். அத்தகைய கணக்கை முதன்முதலில் முழுமையாக எழுதிக் காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். லியோன் வால்ராஸ் என்பது அவர் பெயர். முதலாளித்துவப் பொருளாதாரம் கற்பிக்கும் கல்லூரிகளில் அவர் பெயர் பூசைக்குரிய பெயர். ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எதற்காக வாதாடினார் என்பதை அந்தக் கல்லூரிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. நாம் சொல்வோம்.

1834ஆம் ஆண்டு திசம்பர் 16ஆம் நாள், நார்மண்டிப் பகுதியிலுள்ள எவ்ரோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை ஒகுஸ்த் வால்ராஸ் பள்ளி ஆசிரியர். கல்வித் துறையில் பதவிகள் வகித்தவர். பொருளாதாரம் பற்றி 1831இலேயே நூல் எழுதியவர். பொருளாதாரத்தில் கணிதத்தைப் புகுத்திய குர்னோ அவருடன் ஒன்றாகப் படித்தவர். நிலம் எவர் உழைப்பாலும் உண்டானதன்று, ஆகவே அது தனி மனிதர் எவருக்கும் உரியதன்று, சமுதாயத்துக்கே உரியது என்பது அந்தத் தந்தையின் கொள்கை. மகன் இந்தக் கொள்கையைச் சொத்தாகப் பெற்றார். வேறு பெரிய சொத்து எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இளமையில் அவர் கண்டதெல்லாம் தோல்வி! பிற்காலத்தில் பொருளாதாரத்துக்குக் கணித உடை உடுத்தியவர், பாரிசின் புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் கணிதம் போதாமல் இரண்டு முறை தோற்றார். சுரங்கக் கல்லூரியில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. நாவல் ஒன்று எழுதி 1858இல் வெளியிட்டார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆண்டுக் கோடையில் தந்தையும் மகனும் தெற்குப் பிரான்சில் ஓர் ஆற்றங்கரை வழியே நடந்தார்கள். இந்த நூற்றாண்டு செய்து முடிக்க வேண்டிய பணிகளில் சமுதாயத்தைப் பற்றிய அறிவியல் ஒன்று என்று தந்தை எடுத்துரைத்தார். இலக்கியத்தை விட்டுவிடுகிறேன், அந்தப் பணிக்கே என்னைத் தருகிறேன் என்று மகன் வாக்களித்தார். அப்போது வயது இருபத்து மூன்று.

வாக்கு கொடுத்தாயிற்று, வயிறு இருக்கிறதே! ஏடுகளில் எழுதினார். வடக்கு இரயில்வே நிறுவனத்தில் எழுத்தர் ஆனார். பல்கலைக்கழகக் கதவுகள் திறக்கவில்லை. அந்நாளில் பிரான்சில் பொருளாதாரம் கற்பித்த கூட்டம் மிகச் சிறியது. தங்களுக்குள் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்ட கூட்டம். நிலத்தைப் பொதுவாக்கு என்று சொல்லும் இளைஞனுக்கு அங்கே இருக்கை ஏது?

அவர் வாழ்ந்த பாரிஸ் எப்படிப்பட்ட பாரிஸ் என்பதையும் இங்கே பார்த்தாக வேண்டும். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக் காலம். 1853 முதல் 1870 தொடக்கம் வரை ஓஸ்மன் என்னும் அதிகாரி நகரை இடித்தார், கட்டினார், மீண்டும் இடித்தார். சந்துகள் மறைந்தன, அகன்ற சாலைகள் நீண்டன. சுமார் 250 கோடி பிராங்கு அந்தப் பணியில் கொட்டப்பட்டது. குரூஸ் போன்ற ஏழை மாவட்டங்களிலிருந்து கொத்தனார்கள் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் எழுப்பிய மாடங்களில் அவர்கள் குடியேற முடிந்ததா? இல்லை. வாடகை ஏற ஏற உழைப்பாளர் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். இலாபம் எங்கே போயிற்று? சாலைக்கு வேண்டியது போக மிஞ்சிய நிலத்தைப் பழைய உடைமையாளருக்கே திருப்பிக் கொடுக்கும்படி 1858இல் ஓர் ஆணை வந்தது. நகரம் கடன் வாங்கிச் சாலை போட்டது. சாலையால் ஏறிய நில மதிப்போ நிலக்காரரின் மடியில் விழுந்தது! கல் சுமந்தவனுக்குக் கூலி. கடன் சுமந்த நகரத்துக்கு வட்டி. சும்மா இருந்தவனுக்குச் செல்வம். வால்ராஸ் இந்த நகரில் எழுத்தராய் நடமாடியவர்.

1864இல் வேலைநிறுத்தம் குற்றமன்று என்று சட்டம் வந்தது. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் முளைவிட்டன. சங்கங்களுக்கு ஆள் இருந்தது, திறமை இருந்தது. கருவி வாங்கவும் சரக்கு வாங்கவும் முதல் இல்லை. 1865இல் அந்தச் சங்கங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி ஒன்றை நடத்தும் பொறுப்பை வால்ராஸ் ஏற்றார். பின்னாளில் நிதியமைச்சரான லியோன் சே அதில் அவருக்குத் துணை. உழைப்பு என்ற பெயரிலேயே ஓர் ஏடும் நடத்தினார்கள். 1868இல் வங்கி வீழ்ந்தது. ஏடும் நின்றது. மறுபடியும் ஒரு வங்கியில் எழுத்தர் வேலை! முப்பத்து நான்கு வயதில், குடும்பத்தோடு, மீண்டும் அடிப்படியிலிருந்து.

விடிவு அண்டை நாட்டிலிருந்து வந்தது. 1860இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வரி பற்றி ஒரு மாநாடு நடந்தபோது வால்ராஸ் அங்கே பேசியிருந்தார். அதைக் கேட்டவர்களில் ருஷோனே என்னும் இளைஞர் ஒருவர். பத்தாண்டுக்குப் பின் அவர் அந்த மாநிலத்தின் கல்விப் பொறுப்பாளர் ஆனார். பழைய பேச்சை மறக்கவில்லை. லோசான் கழகத்தில் புதிதாய் ஏற்பட்ட பொருளாதாரப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். தேர்வுக் குழுவில் எதிர்ப்பு இருந்தது. முதலில் ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிரான்சும் பிரசியாவும் போரிட்டுக்கொண்டிருந்த 1870 திசம்பரில் வால்ராஸ் லோசான் போய்ச் சேர்ந்தார். அங்கேயே இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தார்.

அங்கேதான் அந்தக் கணக்கு பிறந்தது. கணிதத்தில் தனக்குள்ள குறையை அவர் மறைக்கவில்லை. 1872இல் எந்திரவியல் பேராசிரியர் பிக்காரிடம் போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டார். பொருள்களின் நிலைபேறு பற்றிப் புவான்சோ எழுதிய எந்திரவியல் நூலை இளமை முதல் உடன் வைத்திருந்தார். கயிறுகளாலும் எடைகளாலும் பிணைந்த ஓர் அமைப்பில் ஒன்றை அசைத்தால் எல்லாம் அசைந்து, பிறகு எல்லாம் ஒருசேர ஒரு நிலைக்கு வருவதுபோல, விலைகளும் வரும் என்பது அவர் கண்ட காட்சி. 1874இலும் 1877இலும் இரு பகுதிகளாக அவருடைய முதன்மை நூல் வெளிவந்தது.

அது என்ன சொல்கிறது? கட்டடத் தொழிலை வைத்தே பார்ப்போம்.

ஒரு வீட்டின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் நிலம் 40, செங்கல் சிமெண்டு கம்பி மரம் 35, கூலி 25. இவை கணக்குக்காக நாம் வைத்த எண்கள்தாம். கூலியைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுகிறோம். இரண்டரை ரூபாய் கூடும். முதலாளியின் சிற்றப்பாவும் கூட இதற்கு மேல் கூட்ட முடியாது. ஆனால் அவர் பத்து ரூபாய் ஏற்றிவிட்டு, கூலி பத்து விழுக்காடு ஏறிற்று, விலையும் பத்து விழுக்காடு ஏறிற்று, சரியாகப் போயிற்று என்பார்! இது முதல் புரட்டு. பள்ளிப் பிள்ளையே பிடித்துவிடுவான்.

அடுத்த படிதான் வால்ராஸின் படி. அந்த இரண்டரை ரூபாயை யார் கொடுப்பது? வாங்குபவர் என்று உடனே சொல்லிவிடலாகாது. வாங்குபவரின் பையில் 100 ரூபாய்தான் இருக்கிறது, அதற்கு மேல் அவரால் ஆகாது என்றால், கட்டுபவர்கள் பலர் போட்டியிடுகிறார்கள் என்றால், இரண்டரை ரூபாய் நிலத்தின் விலையில்தான் குறையும். செங்கல்லுக்கு விலை குறைந்தால் சூளை மூடப்படும். கம்பிக்கு விலை குறைந்தால் கம்பி வேறு ஊர் போகும். நிலம் எங்கே போகும்? அது கிடந்த இடத்தில்தான் கிடக்கும். 40க்குப் பதில் 37½ வாங்கிக்கொண்டு நிலக்காரர் கையெழுத்துப் போடுவார். ஆனால் அதே மனைக்கு ஒரு கடைக்காரரோ கிடங்குக்காரரோ 40 தருகிறார் என்றால், அங்கே வீடு எழாது. அந்த வேலையும் இராது. இன்னொன்று: கூலி கூடிய கொத்தனார் தானும் ஒரு நல்ல வீட்டுக்கு வாடகை கொடுக்க முன்வருவார். அப்போது வீட்டுக்குத் தேவை கூடும். இப்படி ஒவ்வொரு விலையும் மற்ற விலைகளைப் பொறுத்தது. ஆகவே ஒன்றைத் தனியே பிடித்து இது அதனால் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எத்தனை விலைகள் தெரிய வேண்டுமோ அத்தனை சமன்பாடுகளை எழுதி, எல்லாவற்றையும் ஒருங்கே தீர்க்க வேண்டும். இதைத்தான் பொதுச் சமநிலை என்பார்கள்.

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கட்டடத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை வைக்கப்பட்டது நினைவிருக்கும். நிலத்தின் விலை அந்தச் செலவில் சேராது. மேலே சொன்ன வீட்டில் கட்டுமானச் செலவு 60. தீர்வை 60 காசு. கட்டுபவர் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். உண்மையில் சுமந்தவர் யார்? வாங்கியவரா, கட்டியவரா, நிலக்காரரா, அல்லது கூலியில் குறைத்துத் தொழிலாளியின் தலையிலேயே வைத்தார்களா? கொடுப்பவர் பெயரைச் சட்டம் சொல்லும். சுமப்பவர் பெயரை அறிய இந்தக் கணக்கைத்தான் நாட வேண்டும்.

வால்ராஸிடம் சமன்பாடு இருந்தது. தீர்த்துப் பார்க்கும் பொறி இல்லை. சந்தையில் விலையைக் கூவி, ஏற்றி, இறக்கி, துழாவித் துழாவி நிலைக்கு வருவதுபோல் வரும் என்று அவர் விளக்கினார். சமன்பாடுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் விடை உண்டு என்றும் நம்பினார். எண்ணிக்கை மட்டும் போதாது என்று பிற்காலக் கணித அறிஞர்கள் காட்டினார்கள். விடை உண்டு என்பதற்கு முறையான நிறுவலை 1954இல் ஆரோவும் டெப்ரூவும் தந்தார்கள். 1936இல் லியோண்டிப், எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று அமெரிக்கா முழுமைக்கும் அட்டவணை போட்டார். 1960இல் நார்வே நாட்டின் யோகான்சன், தம் நாட்டின் தொழில்களை எல்லாம் இப்படி ஒரே கணக்கில் கட்டி, உண்மை எண்களை இட்டுத் தீர்த்துக் காட்டினார். அதில் கட்டடத் தொழிலும் தனித் துறையாக நின்றது. யோகான்சன் பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கணக்கு முதலாளிகளின் பரம்பரைச் சொத்து என்று எண்ணுவோர்க்காக!

அதற்குப் பின் நாடு நாடாக இந்த முறை பரவிற்று. சிமெண்டு மீதான வரியைக் குறைத்தால் என்ன, அரசு பெருவாரியாக வீடு கட்டினால் என்ன என்று கணிப்பொறியில் இட்டுப் பார்க்கிறார்கள். இங்கேதான் நாம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கணக்குப் போடுபவர் தொடக்கத்திலேயே சிலவற்றை அசையாமல் நிறுத்தி வைக்கிறார். நாட்டில் வேலையில்லாதவரே இல்லை என்று நிறுத்தினால், அரசு கட்டும் வீட்டுக்கு ஆள் வயலிலிருந்தோ தனியார் கட்டடத்திலிருந்தோ தான் வர வேண்டும். எனவே அரசு ஒன்று கட்டினால் தனியார் ஒன்று குறையும் என்று விடை வரும். வேலையற்றோர் காத்திருக்கிறார்கள் என்று வைத்தால், அதே திட்டம் வேலையைப் பெருக்கும் என்று விடை வரும். திட்டம் ஒன்று, எந்திரம் ஒன்று, விடை இரண்டு! எதை நிறுத்தி எதை அசையவிடுவது என்பதைப் பொறுத்தே விடை மாறும் என்று 1963இலேயே அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். விடியற்காலையில் நாற்சந்தியில் கலவைச் சட்டியோடு நின்று, ஒன்பது மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்பும் ஆளைக் கண்டவர்கள், வேலையில்லாதவரே இல்லை என்ற கணக்கை எப்படி ஒப்புவார்கள்?

வால்ராஸின் காலத்திலேயே ஓர் எச்சரிக்கை வந்தது. 1901இல் தம் நூலைக் கணித மேதை புவான்காரேக்கு அனுப்பினார். கணிதத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்றார் அவர். ஆனால் மனிதர்கள் அளவற்ற தன்னலமும் அளவற்ற முன்னறிவும் உடையவர்கள் என்று வைத்துக்கொள்வதில், முதலாவதை ஒருவாறு ஒப்பலாம், இரண்டாவதை ஒப்பத் தயக்கம் உண்டு என்ற கருத்தையும் எழுதினார். அன்றாடங்காய்ச்சிக்கு அளவற்ற முன்னறிவு எங்கிருந்து வரும்?

இனி நிலத்துக்கு வருவோம். 1880இல், அரசு நிலங்களை விலைக்கு வாங்குவது பற்றிய கணிதக் கட்டுரை ஒன்றை வால்ராஸ் லோசானில் படித்தார். பறிமுதல் அன்று, விலை கொடுத்து வாங்குவது. கடன் பத்திரம் கொடுத்து நிலத்தை வாங்கி, குத்தகைக்கு விட்டு, வரும் குத்தகையால் கடனை அடைப்பது. கடன் தீர்ந்தபின் அந்தக் குத்தகையே அரசின் வருமானம். உழைப்பாளியின் கூலிமேல் வரியே வேண்டாம்! ஒருவனுடைய உழைப்பு அவனுக்கே உரியது, எனவே கூலிக்கு வரி போடுவது அநீதி. நிலம் எல்லார்க்கும் உரியது, எனவே அதன் குத்தகையே அரசின் உணவு. தந்தையின் கொள்கைக்கு மகன் எழுதிய வரவு செலவுத் திட்டம் இது. கோசன் என்னும் ஜெர்மானியரும் முன்பே இப்படி எண்ணியிருந்தார். அவர் நூலை உலகம் மறந்துவிட்டது. வால்ராஸ் அதை எடுத்துப் போற்றினார்.

போற்றியதோடு நிற்கவில்லை, சோதித்தார். அதில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது. நிலக்காரர் ஏமாளி அல்லரே! நாளை ஏறப்போகும் குத்தகையை இன்றைய விலையிலேயே சேர்த்துத்தான் கேட்பார். அப்படி எதிர்பார்த்த ஏற்றம் முழுவதும் விலையில் அடங்கிவிட்டால், வரும் குத்தகையால் கடன் ஒருபோதும் தீராது என்று அவருடைய கணக்கே காட்டிற்று. தம் கட்சிக்கு எதிரான விடையை அவர் மறைக்கவில்லை. நாடு உழவிலிருந்து தொழிலுக்கு மாறும்போது எவரும் எதிர்பாராத அளவு நில மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் வருமுன் அரசு முந்திக்கொண்டால் கடன் தீரும் என்று மேலும் ஆராய்ந்து சொன்னார். புதிய சாலை, புதிய இரயில் நிலையம், புதிய தொழிற்பேட்டை என்று அறிவித்துவிட்டு அதன்பின் நிலம் வாங்கப் புறப்படும் அரசுகள் எல்லாம் இந்தக் கட்டுரையை ஒரு முறை படித்திருக்கலாம்.

இரயில் பாதை போன்ற தனியுரிமைத் தொழில்களைப் போட்டிக்கு விட முடியாது, அவை அரசின் பொறுப்பு என்றும் எழுதினார். அதே சமயம் மார்க்சின் மதிப்புக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. போட்டி தடையின்றி நடந்தால் முதலுக்கு வட்டியும் உழைப்புக்குக் கூலியும் நியாயமாகவே அமையும் என்று நம்பினார். பேரம் பேசும் இருவரில் ஒருவனுக்குப் பசி, மற்றவனுக்குப் பசியில்லை என்பதை அந்தச் சமன்பாடு கேட்பதில்லை. இந்த இடத்தில் நாம் அவரோடு உடன்படவில்லை. உடன்படாமலே அவரிடம் கற்கலாம்.

வாழ்க்கை அவருக்கு இரங்கவில்லை. முதல் மனைவி செலஸ்தீன் நெடுநாள் நோயில் கிடந்து 1879இல் இறந்தார். மருத்துவச் செலவுக்காகப் பேராசிரியர் கூடுதல் வகுப்பு எடுத்தார், ஏடுகளுக்கு எழுதினார், காப்புறுதி நிறுவனத்துக்குக் கணக்குப் பார்த்தார். 1884இல் மறுமணம் செய்துகொண்டார். உடலும் நரம்பும் தளர்ந்து 1892இல் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்த பரேட்டோ சமன்பாடுகளை எடுத்துக்கொண்டார். நிலக் கொள்கையை எடுத்துக்கொள்ளவில்லை. பின்வந்தவர்களும் அப்படியே! 1896இல் நிலம், வரி, நீதி பற்றிய கட்டுரைகளை வால்ராஸ் தனி நூலாக வெளியிட்டார். அதைத் தேடிப் படித்தவர் சிலரே.

முதுமையில் ஒரு விசித்திர முயற்சி செய்தார். நிலம் பொதுவானால் வரி வேண்டாம். வரி இல்லையேல் சுங்கச் சுவர் வேண்டாம். சுங்கச் சுவர் வீழ்ந்தால் நாடுகளிடையே போர் வேண்டாம் என்று வாதித்து, அமைதிக்கான நோபல் பரிசுக்குத் தம் பெயர் முன்மொழியப்படச் செய்தார். லோசான் நண்பர்கள் 1905இல் முன்மொழிந்தார்கள். 1906இன் பரிசு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்டுக்குப் போயிற்று.

1909இல் லோசான் பல்கலைக்கழகம் அவருக்கு விழா எடுத்து நினைவுப் பலகை வைத்தது. பொருளாதாரச் சமநிலையின் பொது நிபந்தனைகளை முதன்முதலில் நிறுவியவர் என்றும், ஐம்பது ஆண்டுகள் தன்னலமற்று உழைத்தவர் என்றும் அதில் பொறித்தார்கள். அடுத்த ஆண்டு, 1910 சனவரி 5ஆம் நாள், கிளாரென்ஸ் என்னும் ஏரிக்கரை ஊரில் அவர் இறந்தார். பலகையில் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.